ரயில் பைத்தியப் பிள்ளையும் ரயில் தெரியாத வீடும்

மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பத்து வயது மகனுக்கு ரயிலைத் தவிர வேறு உலகம் இல்லை. எஞ்சின் பெயர், வண்டி எண், எந்த வண்டி எந்த பிளாட்பாரம் என்று நாள் முழுக்க அதே பேச்சு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று குளியலறையிலிருந்து அறிவிப்பு வருகிறதாம். பெற்றோர் இருவருக்கும் ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு வேலை முடிந்து வரவே இரவாகிவிடுகிறது. ஆறு வயதுத் தங்கைக்கு இந்தப் பேச்சே அலுப்பு. வீட்டில் எழுபது தாண்டிய தாத்தா இருக்கிறார். பொம்மை ரயில் வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் எல்லோரும் உட்கார்ந்து நினைத்துப் பேசும்படி ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது, வருகிற பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஊட்டி மலை ரயிலுக்குக் கூட்டிப் போகலாமா என்பது கேள்வி.

உங்களுக்கு ரயில் தெரியாது என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில், டியூஷனில், வீட்டில் என்று எங்கே போனாலும் மற்றவர்கள்தான் தெரிந்தவர்கள். அவன் கேட்டுக்கொள்ள வேண்டியவன், தப்பாகச் சொன்னால் திருத்தப்பட வேண்டியவன். ரயில் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டிலேயே அதிகம் தெரிந்தவன் அவன். அங்கே அவன் முன்னால் போக, நீங்கள் பின்னால் போகலாம். நீங்கள் கேட்கும் நினைவுகள் இந்த இடமாற்றத்திலிருந்துதான் வரும் என்று நான் நினைக்கிறேன். எவ்வளவு செலவு செய்தீர்கள், எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அப்பா ரயிலில் கார்டாக இருந்தார். என் மகளுக்கும் சின்ன வயதிலேயே இந்தப் பித்து பிடித்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இன்னும் விட்டபாடில்லை. அதனால் நான் சொல்வதெல்லாம் வீட்டில் நடந்து பார்த்தவை.

முதலில் அவன் பேசுகிற மொழியில் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். நிறைய வேண்டாம். அவன் சொல்லும்போது எங்கே கொக்கி போடுவது என்று தெரிகிற அளவுக்குப் போதும். எஞ்சின் பெயர்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. டபிள்யூ.ஏ.பி.-7 என்றால் டபிள்யூ அகலப்பாதையை, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள பாதையைக் குறிக்கும், ஏ என்பது மாறுமின்னோட்டத்தில் (ஏ.சி. கரன்ட்டில்) ஓடுவது, பி என்பது பயணிகள் வண்டிக்கானது. ஏழு அதன் மாடல் எண். பி இருக்கும் இடத்தில் ஜி வந்தால் அது கூட்ஸ் எஞ்சின். ஏ இருக்கும் இடத்தில் டி வந்தால் டீசல். எஞ்சின் பக்கவாட்டில் அதன் ஷெட், அதாவது அதைப் பராமரிக்கும் பணிமனையின் பெயர் எழுதியிருக்கும். ஈரோடு, ராயபுரம், அரக்கோணம் ஆகிய மூன்றும் நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுபவை. ஒரு வண்டிக்கு வழக்கமாக எந்த ஷெட்டின் எஞ்சின் போட வேண்டும் என்பதை லிங்க் என்பார்கள். வழக்கத்துக்கு மாறாக வேறொன்று வந்தால் அது ஆஃப்லிங்க். உங்கள் மகன் ஸ்டேஷனில் திடீரென்று துள்ளிக் குதித்தால், பெரும்பாலும் ஒரு ஆஃப்லிங்க் வந்திருக்கும்.

பெட்டிகளிலும் படிக்க விஷயம் உண்டு. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது தயாரான ஆண்டு. 19 என்று தொடங்கினால் 2019-இல் செய்தது. 98 என்றால் 1998, உங்கள் மகனை விட எவ்வளவு மூத்தது என்று தங்கையே கணக்குப் போடலாம். நீல நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய வகைப் பெட்டிகளைப் சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018-இல் நிறுத்திவிட்டது. இப்போது வருவதெல்லாம் ஜெர்மன் வடிவமைப்பான எல்.ஹெச்.பி. பெட்டிகள். அதே 2018-இல்தான் ஐ.சி.எஃப்.பில் இருந்து முதல் வந்தே பாரத் வெளியே வந்தது. கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிய பெருக்கல் குறி இருக்கும். வண்டி முழுதாகப் போய்விட்டது, நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை என்று ஸ்டேஷன் ஊழியர் அதைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வார். சிக்னலையும் படிக்கலாம்: ஒற்றை மஞ்சள் விளக்கு என்றால் அடுத்த சிக்னல் சிவப்பாக இருக்கலாம், நிற்கத் தயாராக வரவேண்டும். இரட்டை மஞ்சள் என்றால் அதற்கு ஒரு சிக்னல் முன்கூட்டியே எச்சரிக்கை.

இவ்வளவு போதும், இதற்கு மேல் நீங்களாகப் படிக்காதீர்கள். மிச்சத்தை அவன் வாயால் கேளுங்கள்.

கேட்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளை ஆசையாக ஒன்றைச் சொல்லும்போது நாம் "சூப்பர்டா" என்போம். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவன் சொன்னதிலிருந்தே இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "நேத்து ஈரோடு எஞ்சின்னு சொன்னியே, இன்னிக்கு ஏன் ராயபுரம் வந்துருக்கு?" என்று கேட்டால் அவன் முகத்தைப் பாருங்கள். நேற்று சொன்னதை அம்மா ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பது அவனுக்கு எந்தப் பரிசை விடவும் பெரிது. ஒவ்வொரு நாளும் முடியாது, எனக்கும் தெரியும். சமையல் நேரத்தில் வந்து தொடங்கினால், "குக்கர் இறக்கிட்டு வர்றேன், அப்புறம் முதலிலிருந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி பிறகு கேட்டுவிட்டால் சரி.

அப்புறம் ஸ்டேஷன். மதுரை ஜங்ஷனில் பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை உட்காருங்கள். எங்கேயும் போக வேண்டாம், யாரையும் ஏற்றிவிட வேண்டாம். ரயில் பிடிக்கும் பிள்ளைகளைப் பெரும்பாலும் நாம் அவசரத்தோடுதான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறோம். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் அவன். அவன் எஞ்சின் பக்கம் இழுப்பான், நாம் பெட்டியைத் தேடி இழுப்போம். ஏற வேண்டிய வண்டியே இல்லாமல் போய்ப் பாருங்கள், அவன் வேறு பிள்ளையாக இருப்பான். அன்று எந்த பிளாட்பாரத்தில் உட்கார்வது, எப்போது இடம் மாறுவது, எப்போது காபி குடிப்பது என்று எல்லாம் அவன் முடிவு. கூட்டம் பிடிக்காது என்றால் ஜங்ஷனை விட்டுவிட்டுத் திருப்பரங்குன்றம் போங்கள். எல்லா வண்டியும் நிற்காது என்பதால் நிற்காமல் கடக்கிற வண்டியை பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஒரு எக்ஸ்பிரஸ் முழு வேகத்தில் கடக்கும்போது வருகிற காற்றையும் சத்தத்தையும் குடும்பமாக உட்கார்ந்து ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், எப்போதும், எதற்காகவும். நல்ல படம் கிடைக்கும் என்று தண்டவாளத்தில் இறங்குவது, தண்டவாளம் ஓரமாக நடந்து போவது, கதவருகே தொங்கிக்கொண்டு வீடியோ எடுப்பது இவை எதுவும் கூடாது. அனுமதியில்லாமல் தண்டவாளப் பகுதியில் நுழைவது ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், மின்சார எஞ்சின் இழுக்கும் வண்டி கிட்டே வரும்வரை பெரிய சத்தம் போடாது. அதுதான் உண்மையான ஆபத்து. இந்த விதியைப் பையனை விட்டே குடும்பத்துக்கு அமல்படுத்தச் சொல்லுங்கள். தங்கை கோட்டைத் தாண்டினால் அவன் கண்டிக்கட்டும், நீங்கள் தாண்டினாலும்தான். காவல் வேலை கொடுக்கப்பட்ட பிள்ளை தானாகக் கோட்டைத் தாண்டாது.

உங்கள் கேள்வியில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிற தாத்தாவிடம் இப்போது வருகிறேன். என் கண்ணுக்கு அந்த வீட்டில் இருக்கும் பெரிய புதையல் அவர்தான். ரயில் ஆசையில் ஒரு விசேஷம் உண்டு. பேரன் படித்து, வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்வதை எல்லாம் தாத்தா உடம்பால் அனுபவித்திருப்பார். நிலக்கரி எஞ்சினின் கரித்தூள் கண்ணில் விழுந்து கசக்கியவர் அவர். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே மீட்டர் கேஜ் ஓடிய காலம் அவருடையது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக 1,000 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இப்போதைய அகலப்பாதையில் 1,676. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கியது அந்த மீட்டர் கேஜில்தான். பகலிலேயே சென்னைக்குப் போய்ச் சேரலாம் என்பது அன்றைக்கு மதுரைக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய சேதி என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எழுபது தாண்டியவர் என்றால், 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடி அழிந்தபோது அவர் ஏறக்குறைய உங்கள் மகன் வயதில் இருந்திருப்பார். டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலில் போனது. பாம்பன் பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்களையும் கடல் அடித்துக்கொண்டு போய்விட, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரி செய்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய அதே ஸ்ரீதரன். அந்தப் புயலுக்கு முன்புவரை சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போய்க்கொண்டிருந்தார்கள். பத்து வயதில் தாத்தா அந்தச் செய்தியை எப்படிக் கேட்டார், வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், தெரிந்தவர்கள் யாராவது போட் மெயிலில் போயிருக்கிறார்களா என்று பேரன் கேட்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள், அவனைக் கேட்க விடுங்கள். தாத்தாக்கள் மருமகளுக்குச் சொல்வதும் பேரனுக்குச் சொல்வதும் வேறு வேறு. போனில் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். கேமராவைத் தூக்கினால் அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து மேடைப்பேச்சு பேசத் தொடங்கிவிடலாம்.

அந்தப் பேச்சு நடந்த பிறகு ராமேஸ்வரம் போங்கள். முன்பே போனால் அது கோயிலுக்குப் போன ஒரு நாள். தாத்தா சொன்னதைக் கேட்ட பிறகு போனால் பாலத்தின் ஒவ்வொரு தூணும் அவனுக்குக் கதை சொல்லும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்து நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். பழைய பாலத்தில் கப்பல் போக வேண்டுமானால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலே தூக்கிக்கொள்ளும். ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறந்த பாலம் அது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு முழுவதுமாக, மின்தூக்கி போல, நிமிர்ந்தபடியே மேலே ஏறும். இந்த வித்தியாசத்தை அவன் ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லியிருப்பான். சாப்பாட்டு மேசையில் இரண்டு ஸ்கேலை வைத்துத் தங்கைக்குக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று: ரயிலுக்குள் இருந்தால் கடல் தெரியும், பாலம் தெரியாது. அதனால் போகும்போது ரயிலில் போய், திரும்பும்போது மண்டபம் வரைக்குமாவது பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வாருங்கள். 1988-இல் திறந்த சாலைப் பாலம் ரயில் பாலத்துக்கு இணையாகவே போகிறது. அங்கிருந்து பார்த்தால் தண்ணீருக்குச் சற்று மேலே வண்டி தவழ்ந்து போவது முழுதாகத் தெரியும். எந்த நேரத்தில் எந்த வண்டி பாலத்தைக் கடக்கும், சாலைப் பாலத்துக்கு நாம் எப்போது போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கை மகனிடம் விட்டுவிடுங்கள். கணக்கு தப்பிப் போகலாம், வண்டி தாமதமாக வரலாம். வெயிலில் எல்லோரும் காத்திருக்க நேரலாம். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காத்திருங்கள். "உன்னாலதான்" என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ராமேஸ்வரம் பெரிய நாள். அதற்கு முன்பு சின்னதாகத் தொடங்க வேண்டுமானால் மதுரை-போடி பாதை இருக்கிறது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டி நின்றுபோய், அகலப்பாதையாக்கித் தேனி வரைக்கும் 2022-இலும் போடி வரைக்கும் 2023-இலும் திரும்ப வந்தது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது இரு பக்கமும் மலை நெருங்கி வருவது அழகாக இருக்கும். முன்பதிவில்லாத டிக்கெட்டில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுப் பக்கம் திரும்பிவிடலாமா என்று அட்டவணை பார்த்துச் சொல்வது மகன் வேலை.

எனக்கு மிகவும் பிடித்த பாதை செங்கோட்டை-புனலூர். மதுரையிலிருந்து முற்பகலில் கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸ் அந்த வழியாகப் பகல் வெளிச்சத்தில் போகும். நேரம் மாறக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை தாண்டியதும் ஆரியங்காவுச் சுரங்கம். இந்தப் பக்கம் பொட்டல் வெயிலில் நுழைந்து, அந்தப் பக்கம் ஈரக் காட்டில் வெளியே வருவீர்கள். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் வண்டி இறங்குவது கண்ணுக்கு மட்டுமல்ல, மூக்குக்கும் தெரியும். கழுதுருட்டி அருகே கல்லில் கட்டிய பதிமூன்று கண் பாலம் வருகிறது. 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்துக் கட்டுமானம், மீட்டர் கேஜுக்காகக் கட்டியதை வலுப்படுத்தி 2018-இலிருந்து அகலப்பாதை வண்டி ஓடுகிறது. சரிவு அதிகம் என்பதால் இந்தப் பாதையில் வண்டியின் பின்னாலும் ஒரு எஞ்சின் சேர்ப்பதுண்டு. அதைப் பாங்கர் என்பார்கள். இதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், வழியில் அவனே கண்டுபிடிக்கட்டும்.

தங்கைக்கு அலுக்கிறது என்றீர்கள். அலுக்கட்டும், அவளுக்கு ரயில் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணனுடைய ஆசைக்கு அவள் ரசிகையாக்கப்பட்டால் பிற்காலத்தில் அவளுக்கு அந்தப் பயணங்கள் கசப்பாகத்தான் நினைவிருக்கும். அவளுக்கென்று ஒரு காரியம் இருக்க வேண்டும். என் வீட்டில் இளையவனுக்கு எஞ்சின் எதுவும் பிடிக்காது, தின்பண்டம் பிடிக்கும். எந்த ஸ்டேஷனில் என்ன விற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வருவான். மணப்பாறை முறுக்கு, கடம்பூர் போளி என்று அவன் போட்ட வரைபடம் அக்காவின் ரயில் வரைபடத்தை விட உறவினர்களிடம் பிரபலமாகிவிட்டது. உங்கள் மகளுக்குச் சுரங்கங்களை எண்ணுவது பிடிக்கலாம், படம் வரைவது பிடிக்கலாம், ஜன்னலோரத்தில் பொம்மையோடு உட்கார்வது மட்டும் பிடிக்கலாம். எதுவானாலும் சரி. அதோடு, அவளுக்கு எது பிடிக்கிறதோ அதற்கு ஒரு ஞாயிறு முழுக்கக் கொடுங்கள். அன்று அண்ணன் அவள் பின்னால் வரட்டும். இது விட்டுப்போனால் மற்றதெல்லாம் நன்றாக நடந்தாலும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனக்குறை தங்கிவிடும்.

அப்பாவுக்கு நேரமில்லை என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவருக்கு ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள், டிக்கெட் போடுவது. இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. என்றைக்குத் திறக்கும் என்று காலண்டரில் மகன் வட்டம் போடட்டும். காலை எட்டு மணிக்கு அப்பாவும் பிள்ளையும் போனோடு உட்காரட்டும். எந்தப் பெட்டி, எந்த பெர்த், எஞ்சினுக்கு எவ்வளவு பக்கம் என்று அவன் சொல்ல இவர் தட்டட்டும். கால் மணி நேர வேலைதான். ஆனால் அந்தப் பயணத்துக்கு அப்பாவும் பொறுப்பு என்று ஆகிவிடுகிறது.

சேர்த்து வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுன்ட்டரில் கொடுக்கும் டிக்கெட்டின் அச்சு பல சமயம் கொஞ்ச காலத்திலேயே மங்கிவிடும். வாங்கியதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முன்னால் நிறுத்திச் சிரிக்க வைத்து எடுக்கும் படங்கள் ஒன்றிரண்டு போதும். மஞ்சள் ஸ்டேஷன் பலகையின் கீழே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பதைத் தாத்தாவுக்குப் பேரன் படித்துக் காட்டும்போது, அவர்களுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து ஒன்று எடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு பயணத்துக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும் என்று வையுங்கள். எழுதப் பிடிக்காவிட்டால் தங்கை வரையட்டும். மகன் எஞ்சின் எண்ணை எழுதுவான். நீங்கள் எதிர் சீட்டுப் பாட்டி கொடுத்த கொய்யாப்பழத்தைப் பற்றி எழுதுவீர்கள். ஒரே பயணம் ஐந்து பேருக்கு ஐந்து விதமாக இருந்திருக்கிறது என்பது பின்னாளில் படிக்கும்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, குளியலறை அறிவிப்பைப் பதிவு செய்யுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் அவன் குரல் உடைந்துவிடும். நானும் என் மகளின் எல்லாப் பயணத்தையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் அடிக்கடி எல்லோரும் கேட்பது அவள் எட்டு வயதில் "வண்டி எண் ஒன்று இரண்டு ஆறு மூன்று ஏழு, பாண்டியன் அதிவிரைவு வண்டி" என்று மூக்கடைத்துக்கொண்டு பேசிய அந்த ஒலிப்பதிவைத்தான்.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. "ரயில் நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கு, வாய்ப்பாடு மட்டும் மறந்துடுதா?" என்ற கேள்வி நம் வீடுகளில் தன்னால் வந்துவிடும். அதை ஒரு தடவை கேட்டுவிட்டால், அவன் ரயிலைப் பற்றி உங்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்வான். மார்க்கு குறைந்தால் அதைத் தனியாகப் பேசுங்கள், ரயிலைப் பிணையாகப் பிடிக்காதீர்கள். ஸ்டேஷனுக்குப் போவதை மார்க்குக்கான பரிசாகவும் ஆக்காதீர்கள். உறவினர்கள் வந்தால் கூப்பிட்டு நிறுத்தி எண்களை ஒப்பிக்கச் சொல்வதும் வேண்டாம். யூடியூப் சேனல் தொடங்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். பத்து வயதில் அது வேண்டாம் என்பது என் கருத்து. பார்வை எண்ணிக்கை வந்துவிட்டால் வண்டியைப் பார்க்கும் கண் போய்விடும். "பெரியவனானதும் ரயில்வேயில் பெரிய ஆபீசராகணும்" என்றும் சொல்லாதீர்கள். அவன் ஆனால் ஆகட்டும்.

"ஒரே விஷயத்தில் இப்படி மூழ்குவது சரிதானா" என்று யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். பிள்ளைகள் ஒன்றில் ஆழமாகப் போவது சாதாரணம். ரயில் அதில் மிகவும் பொதுவான ஒன்று. மற்றவர்களோடு பழகுவதில், பேச்சில், தூக்கத்தில், சத்தம் தாங்குவதில் சிரமங்களும் கூடவே தெரிந்தால் குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அப்போதும் ரயில் ஆசையை வெட்டச் சொல்ல மாட்டார்கள், அதுவே அவனோடு பேசுவதற்கான வழியாக இருக்கும். பதினான்கு வயதில் இந்த ஆசை வடிந்தும் போகலாம். நோட்டை மூடி பீரோவில் வையுங்கள், ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள்.

இனி ஊட்டி. சொல்லாமல் கூட்டிப் போகாதீர்கள் என்பதே என் பதில். பெரியவர்களுக்குத் திடீர் மகிழ்ச்சி பிடிக்கிறது. ரயில் பிள்ளைகளுக்குப் பயணத்தில் பாதி அதற்கு முந்தைய வாரங்களில்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். எஞ்சினுக்குக் கீழே உள்ள பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். அந்த நீராவி எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. நடுவில் ஹில்குரோவில் தண்ணீர் குடிக்க நிற்கும், இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். இதையெல்லாம் முன்பே படித்து, படம் வரைந்து, தங்கைக்குச் சொல்லி, தாத்தாவிடம் பெருமையடித்து, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று அப்பாவோடு வாதாடி, அப்புறம் வண்டியில் ஏற வேண்டும். திடீரென்று கொண்டுபோய் நிறுத்தினால் இத்தனையும் அவனிடமிருந்து பறித்ததாக ஆகும்.

பிறந்தநாள் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறது என்றால் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்த மாதங்களில் மழையால் மண் சரிந்து வண்டியை ரத்து செய்வது அடிக்கடி நடக்கிறது. பிறந்தநாளன்று டிக்கெட் போடுகிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள், பயணம் இரண்டு மாதம் கழித்து இருக்கட்டும். இருக்கைகள் குறைவு என்பதால் முன்பதிவு திறக்கிற அன்றைக்கே முயற்சி செய்தால்தான் ஐந்து பேருக்கும் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் குன்னூர்-ஊட்டி மட்டும் போகிற வண்டிக்கு முயலலாம், ஆனால் அதில் பல் சக்கரப் பாதை வராது. அதை ஏற்பதா, இன்னொரு மாதம் காத்திருப்பதா என்று மகனிடமே கேளுங்கள். என் ஊகம், காத்திருக்கலாம் என்பான்.